சக்கையில் தங்கிய இனிப்பு

என் கணவர் வடக்கே ஒரு பீர் ஆலையில் சில வருஷம் வேலை பார்த்தவர் என்பது எங்கள் கல்யாணம் பேசும்போது யாருக்கும் தெரியாது. "பட்டாளத்துல இருந்தாரு, அப்புறம் ஏதோ ஃபேக்டரி, இப்ப கொடைக்கானல்ல மிஷன் பள்ளிக்கூடத்துல பாய்லர் பாக்குறாரு" என்றுதான் சம்பந்தம் கொண்டுவந்தவர் சொன்னார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் போட்டு விற்கும் குடும்பம் எங்களுடையது. பாய்லர் என்றதும் என் அப்பாவுக்கு ரயில் எஞ்சின்தான் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். நிலையான உத்தியோகம் என்று திருப்திப்பட்டுக்கொண்டார். பீர் என்ற வார்த்தை அன்றைக்குக் காதில் விழுந்திருந்தால் தாம்பூலத் தட்டு அப்படியே திரும்பியிருக்கும்.

கல்யாணம் ஆகி கொடைக்கானல் நாயுடுபுரத்துக்கு வந்தேன். சரிவில் ஒன்றோடொன்று சுவரை ஒட்டிக்கொண்ட இரட்டை வீடு. ஒரு பாதியில் நாங்கள், மறுபாதி பல நாள் பூட்டிக் கிடந்தது. தகரக் கூரை. குழாய் கீழே, வீடு மேலே. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றால், அடுத்த குடத்துக்கு இறங்க வேண்டும். அவர் வெள்ளனே எழுந்து போய்விடுவார். விடுதிப் பிள்ளைகள் குளிக்க வெந்நீர் வேண்டுமே. நான் அந்த விடுதிப் பிள்ளைகளின் கிழிந்த துணிகளை வாங்கிவந்து தைத்துக் கொடுப்பேன். முழங்கால் கிழிசல், போன பித்தான், அவிழ்ந்த விளிம்பு. வெளிச்சம் இருக்கும்வரை ஊசி, வெளிச்சம் போனால் அடுப்பு. பழனி வெயிலில் வளர்ந்த உடம்பு எனக்கு. அந்தக் குளிர் எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, நான் என்ன செய்தாலும் கூடவே வந்தது.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில், ஏழாம் மாதத்தில் எனக்குக் குழந்தை பிறந்து இறந்தது. அன்று காலையிலிருந்து வலி. பக்கத்துத் தெருப் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாய்லரை விட்டுவிட்டு அவரால் வர முடியவில்லை. மாற்று ஆள் வந்து, அவர் ஓடிவந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்சம்மா துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றார்கள், நானும் கேட்கவில்லை. மழையில் அவரே எடுத்துப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசப்படவில்லை. சண்டையும் இல்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். துணி தைத்தேன், கொண்டுபோய்க் கொடுத்தார்.

மழை ஓய்ந்து பனி இறங்கிய பிறகு ஒரு நாள் மாலை முதுகில் ஒரு சாக்கோடு வந்தார். மேல்மலையில் பூண்டு போடுகிற ஒருவர் வாரச் சந்தைக்குக் குதிரையில் சுமை ஏற்றிக்கொண்டு வருவார். அவரிடம் சொல்லிவைத்து வாங்கியது.

"என்னங்க இது?"

"பார்லி."

"கஞ்சிக்கா? இம்புட்டா?"

அவர் சாக்கை இறக்கிவிட்டு முதுகைத் தடவிக்கொண்டார். "கஞ்சிக்கு இல்ல புள்ள. பீர் போட்டுப் பாப்பம்னு."

அப்போதுதான் அந்த ஆலைக் கதை எனக்குத் தெரியவந்தது. மாநிலம் முழுக்க மதுவிலக்கு இருந்த காலம். ஒரு புட்டி வீட்டில் இருந்தாலே ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்கள். அவர் குடிகாரர் இல்லை. மலையில் எங்கெங்கே திருட்டுச் சாராயம் கிடைக்கும் என்று கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் தெரியும், அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆலையில் அவருக்கு வேலை பார்லியை வெந்நீரில் ஊறவைக்கிற அறையில். 'மாஷ் ரூம்' என்பார். காலையில் அந்த அறைக்குள் நுழைந்தால் சுட்ட ரொட்டியும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி ஒரு வாசம் முகத்தில் அடிக்குமாம். அந்த வாசத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இளகியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. "உங்க இஷ்டம்" என்றேன்.

பீர் என்றால் எதையோ காய்ச்சிப் புளிக்கவைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் இவ்வளவு சோலி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்லியை ஊறவைத்து, வடித்து, சாக்கில் பரப்பி முளைகட்ட வேண்டும். பயறு முளைகட்டுகிற மாதிரிதான், ஆனால் அந்தக் குளிரில் முளை லேசில் எட்டிப் பார்க்காது. வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் அடிக்கடி கிளறிவிட வேண்டும். அவர் பாய்லர் பக்கம் போய்விட்டால் கிளறுகிறவள் நான்தானே. பிறகு காயவைக்க வேண்டும். வெயில் எங்கே? மதியம் வந்துவிட்டால் பனிமூட்டம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நுழையும். அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டி கட்டி, அதில் போட்டுக் காயவைத்தோம். ஈர விறகின் புகையில் என் கண் இரண்டும் வீங்கிப்போனது. காய்ந்ததும் வேரைத் தேய்த்து உதிர்த்து, திருகையில் போட்டு உடைக்க வேண்டும். திருகையின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் தோள் செத்துப்போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வெந்நீர் முடிந்ததும் அவருக்கு விடுப்பு. அன்றுதான் மாஷ். உடைத்த பார்லியை அண்டாவில் போட்டு, கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் விளாவி ஊற்றிக் கிளறி மூடி வைப்பார். "கொதிக்கக் கொதிக்க ஊத்தினா முளையில இருக்கிற உசுரு செத்துப்போகும். ஆறிப்போனா அது தூங்கிப்போகும். ரெண்டுக்கும் நடுவுல பிடிக்கணும். பிடிச்சிட்டா அந்த உசுரே மாவை எல்லாம் சர்க்கரையா மாத்திப்புடும்" என்பார். பிறகு மூங்கில் கூடையில் பழைய வேட்டியை விரித்து வடிகட்டுவார். வடிவது கருப்பட்டி நிறத்தில் ஒரு தண்ணீர். அதைத்தான் பிறகு கசப்புக்கு ஏதாவது போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ரொட்டிக்கடையில் வாங்கிய ஈஸ்டைக் கலந்து புளிக்கவைப்பது. கசப்புக்கு ஆலையில் போடுகிற பூ இங்கே கிடைக்காது. பழனியிலிருந்து நான் கொண்டுவந்திருந்த நிலவேம்பைப் போட்டார்.

அவரிடம் ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. பால் டிப்போவில் வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டு வாங்கிவந்தார். வடித்த தண்ணீரில் அதை மெல்ல விடுவார். இனிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு அது மேலே எழும்பி நிற்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை விட்டபோது அது கழுத்துவரை மூழ்கிக்கொண்டது. அவர் முகமும் கூடவே மூழ்கியது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் கூடையிலிருந்த சக்கையை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். தித்தித்தது.

"பாத்தியா? பாதி இதுலயேதான் கெடக்கு. தண்ணியில இறங்கலை. அம்புட்டுப் பாடுபட்டு மாட்டுக்குப் போடுறதுக்கா செஞ்சோம்?"

சக்கையைக் கீழ்வீட்டுப் பால்காரர் மாட்டுக்குத்தான் போட்டோம். அது அண்டாவைப் பார்த்தாலே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டது.

அந்தத் தண்ணீரில் வந்த பீரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நுரையில்லாத, வாயில் கசப்பை மட்டும் விட்டுப் போகிற புளித்த தண்ணீர். அவர் ஒரு தம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சரிவில் கொட்டினார். அடுத்த மாதம் மறுபடி. திருகையில் இன்னும் நைசாக உடைக்கச் சொன்னார். மாவாகிவிட்டது. வேட்டி அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதற்கடுத்த முறை கொஞ்சம் கொரகொரப்பாக. மிதவை சற்றே எழும்பியது, போதவில்லை. கம்பவுண்டரிடம் டிங்சர் அயோடின் வாங்கிவந்து, வெள்ளைப் பீங்கானில் மாஷை ஒரு சொட்டு விட்டு அதன்மேல் அயோடினை விட்டுப் பார்த்தார். கருநீலமாக மாறியது. மாவு சர்க்கரையாக மாறாமல் அப்படியே கிடக்கிறது என்று அர்த்தமாம். அந்த நீலத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பீங்கானைக் கழுவ வேண்டுமே என்றுதான் தோன்றியது.

எத்தனை முறை இப்படிச் செய்தோம் என்று எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றாலே எனக்கு உடம்பு கனத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது "சாப்பிடுங்க", "போயிட்டு வாரேன்" அவ்வளவுதான். அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அவர் பேசினார். தண்ணீர், சூடு, உமி, சக்கை என்றுதான். அதையும் விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் திருகையைச் சுற்றினேன்.

இந்த நேரத்தில்தான் மறுபாதி வீட்டுக்கு ஆள் வந்தது. வந்தவர் போலீஸ் ஏட்டு. அதுவும் மதுவிலக்குப் பிரிவு.

"இனிமே வேணாங்க" என்றேன் அன்றைக்கே.

"பார்லியை ஊறவைக்கிறது குத்தமா என்ன?" என்றார். ஆனால் ஈஸ்ட் கலந்த பானையைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தி, மேலே கோணியைப் போட்டு மூடினார்.

ஏட்டின் மனைவி திண்டுக்கல் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள். மாசமாக இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு வருவாள், என்னைக் கண்டால், "எப்படிக்கா இந்தக் குளிர்ல இருக்கீங்க? பல்லு கிட்டிக்கிருது" என்று சிரிப்பாள். நான் அவளுக்கு ஒரு குடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நின்று பேச மாட்டேன். அவள் வயிற்றைப் பார்க்காமல் அவளிடம் பேச எனக்குத் தெரியவில்லை. பிரசவம் ஆகி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோதும் நான் போய்ப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும். நான் திருகையை வேகமாகச் சுற்றுவேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் துவரம்பருப்பு வேகாமல் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பழனியில் அரைமணியில் குழைகிற பருப்பு இங்கே எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். அவர் அண்டாவைப் பார்த்துக்கொண்டு, "வடக்க இதே அளவுதான் விளாவினோம், அங்க மட்டும் எப்படி இறங்குச்சு?" என்று தனக்குள் முனகிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இந்த ஊர்ல பருப்பே வேகமாட்டேங்குது. உங்க பார்லிதான் பெரிசா உருகிறப் போகுதாக்கும்!"

அவர் முனகுவதை நிறுத்தினார். உலையையே பார்த்தார். "ஏ புள்ள, தண்ணி இந்த உசரத்துல வெரசாவே கொதிச்சிருதுல்ல?" என்றார். "பாய்லர்ல முள்ளு காட்டுற சூடும் கொதிக்கிற சூடும் ஒத்துவரலையேன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கொதிக்குதுன்னு பேரு, சூடு பத்தலை. அதுல அங்க மாதிரியே பச்சைத் தண்ணியை விளாவினா?"

எனக்கு அதில் அக்கறை இல்லை. பருப்பு வெந்தால் போதும் என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாவற்றையும் மாற்றிச் செய்தார். முதலில் வெறும் அண்டாவில் வெந்நீரை ஊற்றி வைத்து அதைச் சூடாக்கினார். அலுமினியம் அந்தக் குளிரில் சூட்டை எல்லாம் குடித்துவிடுகிறது என்றார். பச்சைத் தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறைத்தார். விரலை விட்டுவிட்டு எடுத்து, போதும் என்று நிறுத்தினார். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பழைய மரப்பெட்டியில் காய்ந்த புல்லை அடைத்து, நடுவில் அண்டாவை இறக்கி, எங்கள் இரண்டு கம்பளிகளையும் மேலே போட்டுச் சுற்றினார். நான் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தபோது கையை வைக்க முடியாத சூடு அப்படியே இருந்தது. அயோடின் சொட்டை விட்டார். பழுப்பாகவே நின்றது, நீலம் ஏறவில்லை. வடித்த பிறகு மிச்ச வெந்நீரை முன்பு போலக் கொடகொடவென்று ஊற்றாமல், கரண்டி கரண்டியாக, சக்கை முழுவதும் நனையும்படி மெதுவாக ஊற்றினார். அதற்கே மதியமாகிவிட்டது.

மிதவையை விட்டார். அது மூழ்கிப் போக மறுத்தது. தோள்வரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது.

"ஏ புள்ள, வாயேன், இங்க வந்து பாரேன்!"

அவர் சிரித்தார். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. சக்கையை எடுத்து மென்று பார்த்தேன். உமிதான். வாயில் ஒன்றும் தங்கவில்லை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. "அண்ணே, இருக்கீங்களா?"

தாழ் போடாத கதவு. பதில் சொல்வதற்குள் ஏட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். வேட்டியும் மங்கி குல்லாவுமாக நின்றார், சீருடையில் இல்லை. கூடை, வேட்டியில் வடிந்த சக்கை, அண்டா, அடுப்போரம் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் பொங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட், எல்லாவற்றின் மேலும் அவர் கண் போய்வந்தது. என் கணவர் கையில் மிதவையோடு சிலையாக நின்றார்.

"என்னண்ணே, பால் யாவாரமா?" என்றார் ஏட்டு, மிதவையைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை. என் வாய்தான் முந்திக்கொண்டது. "பார்லிங்க. முளைகட்டி வடிச்சது. ஒடம்புக்கு நல்லதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு தம்ளரில் மொண்டு நீட்டினேன்.

வாங்கி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். நின்று, மீதியையும் குடித்தார். "அட, பாயாசம் கணக்கால்ல இருக்கு."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். என்னிடம்தான் வந்திருக்கிறார். "நம்ம வீட்ல பால் ஊற மாட்டேங்குதும்மா. புள்ள நாள்பூரா கத்துது. எங்க ஆத்தா இந்தக் குளிருக்குப் பயந்து பஸ் ஏற மாட்டேன்னுருச்சு. இவளுக்கு ஒண்ணும் தெரியலை, உக்காந்து அழுகுறா. நீங்க ஒருவாட்டி வந்து பாத்தா தேவலை."

பால் ஊறுவதற்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார். எனக்குப் பால் கட்டிக்கொண்டு, மார்பில் துணியை இறுக்கிக் கட்டி அதை வற்றவைத்த நாட்கள் அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு செம்பை எடுத்து அந்த இனிப்புத் தண்ணீரை நிறைய மொண்டேன். "இதைக் குடுத்துப் பாப்பம்" என்றேன். எங்கள் பஞ்சாமிர்தக் கடை வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பார்லிக் கஞ்சி கொடுப்பதை எப்போதோ பார்த்த ஞாபகம், அவ்வளவுதான் என் வைத்தியம்.

வாசலைத் தாண்டும்போது ஏட்டு என் கணவரிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "அண்ணே, நடுவுல ஒத்தைச் சுவருதான் இருக்கு. எனக்கு மூக்கு இல்லையா? இது இனிப்பா இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. புளிச்சுச்சுன்னா தெரிஞ்சாகணும். என் பொழப்பு அது."

பக்கத்து வீட்டில் அந்தப் பெண் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. குழந்தை மடியில் முறுக்கிக்கொண்டு அழுதது. பொம்பளைப் பிள்ளை.

"இத்தனை நாளா வரவே இல்லையேக்கா நீங்க" என்றாள்.

"சோலி சரியா இருந்துச்சு" என்றேன். "இதைக் குடி. சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிரு."

அவள் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடிக்கும்வரை குழந்தையை என்னிடம் கொடுத்தாள். கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை, கை காலியாக வேண்டியிருந்ததால் நீட்டினாள், நானும் வாங்கிக்கொண்டேன். கனமே இல்லை. அழுது அழுது அதன் உச்சந்தலை வேர்த்திருந்தது. நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. களைப்பாக இருந்தது. உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் உட்காராமல் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஈஸ்ட் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. நிலவேம்பு வெளியே எடுக்கப்படவே இல்லை.

"என்னங்க பண்றீங்க?"

"அப்படியே வெச்சா நாளைக்குள்ள புளிச்சிரும். சுண்டக் காய்ச்சிப்புட்டா தேன் மாதிரி ஆயிரும், கெட்டுப்போகாது. வெந்நீர்ல கலந்து தெனம் ஏட்டு பொஞ்சாதிக்குக் குடு" என்றார்.

அவர் வாழ்நாளில் இறக்கிய நல்ல மாஷ் அது ஒன்றுதான். அதிலிருந்து வந்திருக்கக்கூடிய பீரை அவர் பார்க்கவே இல்லை. வருத்தமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்தோம். வெளியே மூட்டம் அடர்ந்துகொண்டு வந்தது. விளக்கேற்றும் நேரம் ஆகவில்லை, ஆனால் வீட்டுக்குள் அடுப்பு வெளிச்சம் மட்டும்தான். குழந்தை அழுகை நின்றிருந்தது.

"அன்னைக்கு பாய்லரை விட்டுட்டு வந்திருக்கலாம்" என்றார், அண்டாவைப் பார்த்தபடி.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "வந்தா மட்டும்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வந்திருக்கலாம்."

கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு விறகைத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணு" என்றார். "உனக்குச் சொன்னாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பொண்ணு. மூக்கு உன்னை மாதிரி. தலை நிறைய முடி இருந்துச்சு. துணியை வெலக்கிப் பாத்தேன்."

யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்காமல் இருந்தேன். இவரிடம் அது இத்தனை மாதமாக இருந்திருக்கிறது. நான் கிண்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். கண்ணில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டேன். அவரும் என் பக்கம் பார்க்கவில்லை. பாகு பதம் வந்ததும் இரண்டு பேருமாக அண்டாவை இறக்கினோம்.

அந்தப் பாகைத் தினமும் வெந்நீரில் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால்தான் அவளுக்குப் பால் ஊறியதா, இல்லை ஊற வேண்டிய நேரத்தில் தானாக ஊறியதா, எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. குழந்தை பெருத்தது. ஏட்டு ஊர் முழுக்க அதைப் பற்றிச் சொல்லிவிட்டார், மதுவிலக்கு ஏட்டே சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்கள்? பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் எழுந்தவர் என்று யாராவது ஒரு பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். என் கணவர் ஈஸ்டைத் தொடவே இல்லை. மாஷ் மட்டும் போட்டார். அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் அந்த முதல் தடவை மாதிரி மிதவை எழும்பவில்லை. ஒரு தடவை கொஞ்சம் குறைவு, ஒரு தடவை இன்னும் குறைவு. பார்லி ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு மாதிரி என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் வேலை குறையவில்லை. முளைகட்டுவதும் கிளறுவதும் திருகையும் புகையும் அப்படியேதான். ஊருக்கே வைத்தியச்சி ஆனதில் தோள்வலி ஒன்றும் தீரவில்லை.

சில வருஷங்களில் ஏட்டுக்கு மாற்றல் வந்தது. போகும்போது அந்தப் பெண்குழந்தை பஸ் படியில் நின்றுகொண்டு என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக் கையை ஆட்டியது. மறுபாதி வீட்டுக்கு அப்புறம் ஒரு பேக்கரிக்காரர் குடிவந்தார். புளிக்கவைத்தாலும் மோப்பம் பிடிக்க ஆள் இல்லை, ஈஸ்டும் சுவருக்கு அந்தப் பக்கமே கிடைக்கும். "இப்பப் போட்டுப் பாக்கலாமுல்ல?" என்று நானேதான் ஒரு நாள் கேட்டேன்.

அவர் யோசித்தார். "அதுக்கு மறுபடியும் நிலவேம்புல ஆரம்பிக்கணும்" என்றார். "விடு."

அறுபதுகளின் நடுவில் ஒரு சந்தை நாளில் மேல்மலைக்காரர் குதிரையோடு வந்து, இனிமேல் பார்லி போடவில்லை என்றார். மேலே எல்லாரும் உருளைக்கிழங்குக்கும் பூண்டுக்கும் மாறிவிட்டார்களாம். பார்லிக்கு விடுகிற நிலத்தில் அவற்றைப் போட்டால் நாலு காசு கையில் நிற்கிறதாம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கணவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு கூடை உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஊறவைத்தது ஒன்றும் இல்லை, காயப்போட்டது ஒன்றும் இல்லை. அவர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிவந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சும்மா கொஞ்சம் சாயலாம் என்று கம்பளியை இழுத்துக்கொண்டேன். அப்படியே தூங்கிவிட்டேன். பகலில் தூங்கியதாக எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

"எந்திரி புள்ள, சோறு ஆறுது."

கண்ணைத் திறந்தால் வீட்டுக்குள் மூட்டம் வந்து நின்றிருந்தது. அவர் சோறு வடித்து, ரசம் வைத்து, கிழங்கை அவித்துத் தட்டில் போட்டிருந்தார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசத்தில் உப்பு இல்லை. நான் உப்பு ஜாடியை நடுவில் இழுத்து வைத்தேன். அவரும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டார்.